குடும்பத்தின் அளவே கடையின் அளவு: கலிஃபோர்னியாவின் கம்போடியர் டோனட் கடைகள் – ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவில் நடந்துகொண்டிருக்கும் தொழில்களை வாங்கவும் விற்கவும் உதவும் தரகர்கள், தங்கள் கைக்கு வரும் தொழில்களை விலையை வைத்து இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஏறத்தாழ 20 லட்சம் டாலருக்குள் விலைபோகும் தொழில்கள் ‘மெயின் ஸ்ட்ரீட்’ வகையில் சேரும். அதற்கு மேல் போவனவற்றுக்கு வேறு பெயர், வேறு வகை வாங்குவோர், வேறு வகை வழக்கறிஞர்கள். சிற்றூர்களின் நடுவே கடைகளும் வங்கியும் அஞ்சலகமும் வரிசையாக நிற்கும் முதன்மைத் தெருவின் பெயரே இந்த வகைக்கு அமைந்திருந்தாலும், இன்று அந்தக் கடைகளில் பெரும்பாலானவை தெருவில் இல்லை. வாகன நிறுத்தத்தை முன்னால் வைத்துக்கொண்டு, ஒரே கூரையின் கீழ் ஏழெட்டுக் கடைகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் கடைத்தொகுதிகளில்தான் இருக்கின்றன. சலவை நிலையம், முடி திருத்தகம், மதுக்கடை, நகப்பூச்சு நிலையம், எண்ணெயில் பொரித்த இனிப்பு வளையமான டோனட்டை விற்கும் கடை என்று அந்த வரிசை நீளும்.

‘சிறு தொழில்’ என்ற அரசுச் சொல்லை இதனுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. அமெரிக்கச் சிறு தொழில் நிர்வாகத்தின் புள்ளிவிவரங்கள் பொதுவாக 500 பேருக்குக் குறைவான ஊழியர் உள்ள நிறுவனங்களைச் சிறு தொழில் என்று கணக்கிடுகின்றன. அந்த அளவுகோலின்படி நாட்டில் 3 கோடியே 30 லட்சத்துக்கும் மேற்பட்ட சிறு தொழில்கள் உள்ளன. அவற்றில் ஐந்தில் நான்குக்கு மேற்பட்டவற்றில் சம்பளப் பட்டியலில் ஒருவர்கூட இல்லை. 499 பேர் பணிபுரியும் தொழிற்சாலையும், கணவனும் மனைவியும் மட்டும் நிற்கும் கடையும் ஒரே பெட்டிக்குள் போடப்படும் இந்தப் பிரிவு சட்டத்துக்கும் கடன் திட்டங்களுக்கும் பயன்படலாம்; அந்தக் கடை எப்படிப் பிழைக்கிறது என்பதை அறிய உதவாது. மெயின் ஸ்ட்ரீட் கடையின் உண்மையான அளவை டாலரிலோ சதுர அடியிலோ பார்ப்பதைவிட, ஒரு குடும்பத்தில் எத்தனை கைகள் உள்ளன என்பதில் பார்ப்பதே சரி என்பது இந்த ஆய்வின் நிலைப்பாடு. அதைச் சோதித்துப் பார்க்கத் தெற்குக் கலிஃபோர்னியாவின் கம்போடியர் டோனட் கடைகளைவிடத் தெளிவான நிகழ்வு எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

முகாமிலிருந்து கடை வரை

1975 ஏப்ரல் 17 அன்று கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்டுக் கிளர்ச்சிப் படைகள் கம்போடியத் தலைநகர் புனோம் பென்னைக் கைப்பற்றின. அந்த ஆண்டு அமெரிக்காவுக்கு வந்துசேர்ந்த இந்தோசீன அகதிகளில் மிகப் பெரும்பாலோர் வியட்நாமியர். கம்போடியர் சில ஆயிரம் பேர் மட்டுமே. சான் டியேகோவுக்கு வடக்கேயுள்ள கேம்ப் பென்டில்டன் கடற்படை வீரர் தளத்தில் அமைக்கப்பட்ட கூடார முகாமுக்கு மனைவி மக்களுடன் வந்தவர்களில் ஒருவர் பன் டெக் ங்கோய். சீன வம்சாவளிக் கம்போடியரான அவர், ராணுவ அதிகாரியாகப் பாங்காக் தூதரகத்தில் பணியாற்றியவர். பிற்காலத்தில் டெட் ங்கோய் என்று அறியப்பட்டார். டஸ்டின் நகரத்துத் தேவாலயம் ஒன்று பொறுப்பேற்றதால் முகாமிலிருந்து வெளிவந்து, பகலில் அதே தேவாலயத்தைக் கூட்டித் துடைக்கும் வேலையும் இரவில் பெட்ரோல் நிலைய வேலையும் பார்த்தார். பக்கத்துக் கடையிலிருந்து வந்த மணம் அவரை ஈர்த்ததும், வாங்கித் தின்ற டோனட் கம்போடியாவின் வளைய வடிவப் பலகாரமான ‘நோம் கொங்’கை நினைவூட்டியதும் அவர் பலமுறை சொன்ன கதை.

கதையின் இனிப்பான பகுதி அது. தொழிலின் பகுதி அதற்கு அடுத்த படியில் தொடங்குகிறது. 1948-இல் கலிஃபோர்னியாவின் டெம்பிள் சிட்டியில் தொடங்கி மேற்குக் கரை முழுவதும் பரவியிருந்த வின்செல்ஸ் என்ற சங்கிலி நிறுவனம், கடை மேலாளர்களுக்குப் பயிற்சி அளித்துவந்தது. ங்கோய் அதில் சேர்ந்தார். மாவு பிசைவது, பொரிப்பது, இருப்புக் கணக்கு, கல்லாக் கணக்கு என அனைத்தையும் அந்தச் சங்கிலியின் செலவிலேயே கற்று, அதன் கடையொன்றை நடத்திவிட்டு, 1970-களின் பிற்பகுதியில் லா ஹாப்ரா நகரில் கிறிஸ்டிஸ் டோனட்ஸ் என்ற சொந்தக் கடையை வாங்கினார். பெயர்ப்பலகையை மாற்றவில்லை. மாறாக, அவருடைய மனைவியே கிறிஸ்டி என்ற பெயரைச் சூடிக்கொண்டார். பலகை மாற்றும் செலவு மிச்சம் என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் கடையை வாங்குபவர் உண்மையில் வாங்குவது அந்த இடத்துக்குப் பழகிய வாடிக்கையாளரின் கால்களைத்தான் என்பதை அவர் புரிந்துகொண்டிருந்தார் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

அடுத்து அவர் செய்ததுதான் இந்த நிகழ்வை ஒரு தனிமனிதரின் வெற்றிக் கதையிலிருந்து ஒரு சமூகத்தின் தொழில் வரலாறாக மாற்றியது. கடையை வாங்குவார், ஓர் அகதிக் குடும்பத்தை அழைத்துவந்து சில வாரங்கள் தொழில் கற்றுக்கொடுப்பார், கடையை அவர்களிடம் குத்தகைக்கு விட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போவார். 1980-களில் அவர் கையில் ஐம்பதுக்கு மேற்பட்ட கடைகள் இருந்தன. குத்தகைக்கு எடுத்த குடும்பம் சில ஆண்டுகளில் சொந்தக் கடைக்கு மாறியது. தன் பங்குக்குத் தன் மைத்துனனையும் ஒன்றுவிட்ட தங்கையையும் பயிற்றுவித்தது. இந்தப் பரவலின் விளைவாக, தெற்குக் கலிஃபோர்னியாவில் எந்தச் சங்கிலியையும் சேராத டோனட் கடைகளில் பத்துக்கு எட்டு கம்போடியர் கையில் இருப்பதாகப் பின்னர் பரவலாக மதிப்பிடப்பட்டது. துல்லியமான கணக்கெடுப்பின் விடை அன்று அது, ஒரு மதிப்பீடுதான். இருப்பினும் லாங் பீச்சிலோ அனஹைமிலோ காலை ஐந்து மணிக்கு வண்டி ஓட்டிப் பார்த்தவர்கள் அதை மறுக்க மாட்டார்கள்.

இரவு ஒரு மணி

டோனட் கடையின் அளவை அதன் நேரம்தான் நிர்ணயிக்கிறது. ஆயிரம் முதல் ஆயிரத்து ஐந்நூறு சதுர அடி இடத்தில், முன்பாதியில் கண்ணாடிப் பேழையும் கல்லாவும் இரண்டு மூன்று மேசைகளும்; பின்பாதியில் பெரிய மாவு கலக்கும் இயந்திரம், மாவைப் புளித்து உப்பவைக்கும் வெதுவெதுப்பான அலமாரி, எண்ணெய்த் தொட்டி, அதன்மேல் புகைக்கூண்டு. நள்ளிரவுக்கும் இரண்டு மணிக்கும் இடையில் ஒருவர் வந்து விளக்கைப் போடுகிறார். ஈஸ்ட் சேர்த்த மாவு உப்புவதற்கு நேரம் வேண்டும். சோடா மாவு சேர்த்த கேக் வகை டோனட்டுக்கு அது தேவையில்லை. ஆகவே முதலில் ஈஸ்ட் மாவைக் கலந்து வைத்துவிட்டு, அது எழும் நேரத்தில் கேக் வகையைப் பொரித்து எடுத்துவிடுவார்கள். ஏறத்தாழ 190 டிகிரி செல்சியஸ் சூட்டிலுள்ள எண்ணெயில் ஒரு பக்கம் ஒரு நிமிடம்போல் வெந்ததும் கோலால் புரட்டிப் போடுவது கைப்பழக்கம். சில மாதங்களில் வந்துவிடும். இந்த வேலையில் ஆங்கிலம் தேவைப்படும் இடம் கல்லா மட்டுமே, அங்கும் எண்களும் முப்பது பண்டப் பெயர்களும் தெரிந்தால் போதும்.

நான்கரை, ஐந்து மணிக்குக் கதவு திறக்கும். கட்டட வேலைக்குப் போவோர், செவிலியர், லாரி ஓட்டுநர், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் என்று ஒன்பது, பத்து மணிக்குள் நாளின் பெரும்பகுதி விற்பனை முடிந்துவிடும். பிற்பகலில் விற்கப்படுவது காப்பியும் மிச்சமும்தான். மறுநாளைக்கு இந்தப் பண்டம் தாங்காது. ஆகையால் இருப்பு என்று சொல்லத் தக்கது மாவு மூட்டை, சர்க்கரை, எண்ணெய் ஆகியவை மட்டுமே. அவற்றில் முடங்கும் பணமும் சில நாள்களுக்கு மேல் முடங்குவதில்லை. கடன் விற்பனை கிடையாது, வராக்கடன் கிடையாது, பருவம் தவறினால் தேங்கும் சரக்கு கிடையாது. துணிக்கடை வைத்தவருக்குப் பொறாமை தரக்கூடிய வசதி இது.

அதற்கான விலை உறக்கம். ஒருவர் நள்ளிரவில் எழுந்து பொரிக்க, இன்னொருவர் விடியலில் வந்து விற்க, முதலாமவர் காலை பத்து மணிக்கு உறங்கப்போக, இரண்டாமவர் பிற்பகல் வரை கடையில் நிற்க, வாரத்துக்கு ஏழு நாளும் இப்படியே ஓடுகிறது. சங்கிலி நிறுவனம் இதையே செய்ய வேண்டுமானால் இரவுப் பணிக்கு ஆள், அவர் வராத நாளுக்கு மாற்று ஆள், மிகைநேர ஊதியம், இவர்களைக் கவனிக்க மேலாளர், மேலாளரைக் கவனிக்க வட்டார அலுவலகம் என்று செலவு அடுக்கடுக்காக ஏறும். கடையின் வருமானம் அத்தனை அடுக்கைத் தாங்காது. இந்தக் கடை இரண்டு பேருக்கு மிகச் சரியான அளவு. மூன்றாவது ஆளை முழுச் சம்பளத்துக்கு வைத்த நாளிலிருந்து கணக்கு இறுகத் தொடங்கும்.

கணக்கு

இனி விலைக்கு வருவோம். மெயின் ஸ்ட்ரீட் தொழில்களை மதிப்பிடத் தரகர்கள் பயன்படுத்தும் அளவுகோல் நிகர லாபம் அன்று. லாபத்துடன் உரிமையாளர் எடுத்துக்கொண்ட சம்பளம், கடைக் கணக்கில் எழுதிய அவருடைய காப்பீடு, வாகனம், பழைய கடனுக்கான வட்டி, தேய்மானம் எல்லாவற்றையும் திரும்பக் கூட்டி, ‘கடையை முழுநேரமும் நடத்தும் ஓர் உரிமையாளரின் கைக்கு ஆண்டுக்கு எவ்வளவு வருகிறது’ என்று பார்க்கிறார்கள். அதன் ஆங்கிலச் சுருக்கம் எஸ்.டி.இ.; தமிழில் ‘உரிமையாளர் கைத்தொகை’ என்று வைத்துக்கொள்ளலாம். ஐந்து லட்சம் டாலருக்குள் விலைபோகும் கடைகள் இந்தக் கைத்தொகையைப் போல் சுமார் 2 மடங்குக்கு விற்கின்றன; 10 லட்சத்தைத் தாண்டும்போது பெருக்கல் 3 மடங்கைக் கடக்கிறது. பங்குச் சந்தையில் 15, 20 மடங்கு லாபத்துக்குப் பங்கு வாங்கிப் பழகியவர்களுக்கு இந்த 2 மடங்கு நம்ப முடியாத மலிவாகத் தோன்றும். கவர்ச்சியின் பெரும்பகுதி அந்தத் தோற்றத்தில்தான் இருக்கிறது.

விளக்கத்துக்காக ஒரு கடையைக் கற்பனை செய்துகொள்வோம். பின்வரும் எண்கள் எந்தக் குறிப்பிட்ட கடையுடையவையும் அல்ல. ஆண்டு விற்பனை 3 லட்சம் டாலர். மாவு, சர்க்கரை, எண்ணெய், காப்பி, பெட்டிகளுக்கு 75,000. வாடகை 42,000. மின்சாரம், எரிவாயு, காப்பீடு, பழுதுபார்ப்பு, இதர செலவுகள் 33,000. பகுதிநேர உதவியாளுக்கு 30,000. மீதி 1,20,000 டாலர். விற்பனை விளம்பரத்தில் ‘கைத்தொகை 1,20,000’ என்று அச்சாகும். 2 மடங்கு என்றால் கேட்பு விலை 2,40,000.

இப்போது அந்தக் கடையில் நின்றவர்களின் மணிநேரத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். கணவர் வாரத்துக்கு 80 மணி நேரம், மனைவி 70 மணி நேரம். ஆண்டுக்கு 50 வாரம் என்று கொண்டால் மொத்தம் 7,500 மணி நேரம். 2024-இல் கலிஃபோர்னியாவின் பொதுக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 16 டாலர். பெருக்கினால் 1,20,000. கைத்தொகை முழுவதும் இருவரின் கூலி. மிகைநேர ஊதியத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் கடை நட்டத்தில் நடக்கிறது. எண்கள் இவ்வளவு சரியாகப் பொருந்துவது நான் உதாரணத்தை அமைத்த விதம்தான், மறுக்கவில்லை. ஆனால் கூடக்குறைய எந்தக் கடையை எடுத்தாலும் விடை இந்தப் பக்கம்தான் சாயும்.

விதிப்படி பார்த்தாலும் அந்த விளம்பரம் தவறு. கைத்தொகை என்பது ஒரேயோர் உரிமையாளரின் உழைப்பை மட்டும் உள்ளடக்க வேண்டியது. சம்பளமின்றி உழைக்கும் இரண்டாமவர் இருந்தால், அவருக்குப் பதிலாக ஆள் வைக்க ஆகும் செலவைக் கழித்துவிட வேண்டும். மனைவியின் 3,500 மணி நேரத்துக்கு 16 டாலர் வீதம் 56,000 கழித்தால் கைத்தொகை 64,000 ஆகிறது. அதே 2 மடங்கில் விலை 1,28,000. கேட்பு விலைக்கும் இதற்கும் இடையிலுள்ள 1,12,000 டாலர், பெயர்ப்பலகையிலும் இல்லாத, சம்பளப் பட்டியலிலும் இல்லாத ஒரு பெண்ணின் உழைப்புக்குப் போடப்பட்ட விலை. அது அவருக்கே சேரும் என்றால்கூட, வாங்குபவர் அதை மறுபடியும் தன் மனைவியைக் கொண்டுதான் மீட்டாக வேண்டும்.

அமெரிக்கச் சிறு தொழில் நிர்வாகம் பிணைநிற்கும் 7(அ) கடன் திட்டத்தில், பொதுவாக விலையில் 10 விழுக்காட்டை முன்பணமாகப் போட்டு, மீதியைப் பத்தாண்டு தவணையில் கட்டலாம். நம் எடுத்துக்காட்டில் 24,000 முன்பணம், 2,16,000 கடன். வட்டி பத்தரை விழுக்காடு என்றால் ஆண்டுத் தவணை ஏறத்தாழ 35,000. கையில் மிஞ்சுவது 85,000. இரண்டு பேரின் 7,500 மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 11 டாலரைச் சற்றே தாண்டும். வேறு கடையில் கூலிக்கு நின்றால் கிடைப்பதைவிடக் குறைவு.

அப்படியானால் யார் வாங்குவார்கள்? பத்தாண்டுக்குப் பிறகு கடன் தீர்ந்த கடையை எண்ணி வாங்குவோர் உண்டு. இரண்டு பேருக்கும் வேலை உறுதி, எவரும் நீக்க முடியாது என்பதற்காக வாங்குவோர் உண்டு. 1980-களின் அகதிக்கோ அந்த 11 டாலருக்கு மாற்று என்ன இருந்தது என்று கேட்க வேண்டும்: அவருடைய சான்றிதழ்கள் எரிந்துபோயிருந்தன, ஆங்கிலம் வரவில்லை, வெளியில் கிடைத்த வேலைகளில் கணவனும் மனைவியும் இரண்டு திசைக்குப் போக வேண்டியிருந்தது, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. கடையில் மாவு மூட்டைமீது குழந்தை உறங்கியது. கொஞ்சம் வளர்ந்ததும் பெட்டி மடித்தது. இன்னும் வளர்ந்ததும் கல்லாவில் நின்று பெற்றோருக்கு ஆங்கிலம் மொழிபெயர்த்தது. கூலிக் கணக்கில் நட்டமாகத் தெரியும் கடை, குழந்தைப் பராமரிப்பையும் குடும்பம் பிரியாதிருப்பதையும் ஒருசேரக் கொடுத்தது. இவற்றுக்கு வரவேட்டில் பத்தி இல்லை.

முதலும் பெட்டியும்

அன்றைய குடும்பங்கள் வங்கிக் கடனை நம்பியிருக்கவில்லை. கடன் வரலாறே இல்லாதவர்களுக்கு வங்கி கொடுக்கவும் செய்யாது. அவர்கள் கைக்கொண்டது நமக்கு நன்றாகத் தெரிந்த முறை: பத்திருபது குடும்பங்கள் மாதந்தோறும் ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு, சேர்ந்த தொகையை முறைவைத்தோ ஏலம் கேட்டோ ஒருவர் எடுத்துக்கொள்ளும் சீட்டு. கம்போடியர்கள் அதைப் பிரெஞ்சுக்காரர் விட்டுச்சென்ற ‘தொந்தீன்’ என்ற சொல்லால் குறிக்கிறார்கள். அவசரத் தேவை உள்ளவர் தள்ளிக் கேட்டு முதலில் எடுப்பதும், பொறுத்திருப்பவர் வட்டிபோல் லாபம் பெறுவதும், எடுத்தவர் ஓடிவிட்டால் மற்றவர் தலையில் விழுவதும் நம் ஊர் ஏலச்சீட்டில் உள்ளபடியேதான். ஒரு சீட்டு எடுத்தால் ஒரு கடைக்கு முன்பணம் தேறும் அளவுக்குக் கடையும் சிறியது என்பது இங்கே முக்கியம். பத்து மடங்கு பெரிய தொழிலைச் சீட்டால் வாங்க முடியாது.

சிக்கனத்தின் அடையாளமாக இந்தக் கடைகள் விட்டுச்சென்ற பொருள் ஒன்று உண்டு. டோனட்டை வெள்ளை அட்டைப் பெட்டியில் தருவதுதான் முன்பு வழக்கம். 1970-களின் பிற்பகுதியில், வெள்ளையைவிட விலை குறைந்த பெட்டி வேண்டும் என்று கம்போடியக் கடைக்காரர் ஒருவர் கேட்க, பேக்கரிப் பொருள் வழங்கும் நிறுவனம் தன்னிடம் தங்கியிருந்த இளஞ்சிவப்பு அட்டையில் செய்து கொடுத்தது என்று சொல்லப்படுகிறது. பெட்டி ஒன்றுக்குச் சில சென்ட்தான் வித்தியாசம். சீன வம்சாவளியினரான பல கடைக்காரர்களுக்குச் சிவப்பு மங்கல நிறம், வெள்ளை துக்க நிறம் என்பதும் அதன் பரவலுக்கு உதவியதாம். இன்று கலிஃபோர்னியாவில் எடுக்கப்படும் திரைப்படங்களில் டோனட் என்றாலே இளஞ்சிவப்புப் பெட்டி என்றாகிவிட்டது. சில சென்ட்டை மிச்சப்படுத்தியவர்களுக்கு விளம்பரச் செலவில்லாமல் ஒரு வணிகச் சின்னம் கிடைத்தது.

சங்கிலி நிறுவனங்களுக்கு அந்தச் சின்னம் சும்மா கிடைப்பதில்லை. டங்கின் நிறுவனத்தின் உரிமம் பெற்றுக் கடை நடத்துபவர் விற்பனையில் 5.9 விழுக்காட்டை உரிமத்தொகையாகவும் 5 விழுக்காட்டை விளம்பர நிதிக்கும் செலுத்துகிறார். நம் எடுத்துக்காட்டுக் கடைக்கு அது ஆண்டுக்கு 32,700 டாலர்; பகுதிநேர உதவியாளின் சம்பளத்தைவிட அதிகம். கிழக்குக் கரையில் அசைக்க முடியாத அந்த நிறுவனம் கலிஃபோர்னியாவில் காலூன்ற முடியாமல் விலகி, 2014-இல் சான்டா மோனிகாவில் மீண்டும் கடை திறந்தது. அமெரிக்காவின் தென் மாநிலங்களிலிருந்து வந்த கிறிஸ்பி கிரீம் என்ற டோனட் சங்கிலி தன் முதல் கலிஃபோர்னியக் கடையை 1999-இல் திறந்த இடம், தற்செயலோ என்னவோ, ங்கோய் தொடங்கிய அதே லா ஹாப்ரா. திறப்பு நாள்களில் வரிசை நீண்டது. குடும்பக் கடைகள் அதனால் மறைந்துவிடவில்லை. உரிமத்தொகையும் ஊதியமும் இல்லாத கடையை விலைப் போட்டியில் வீழ்த்துவது கடினம்.

எங்கே உடைகிறது

ங்கோயின் கையில் சேர்ந்த ஐம்பது கடைகளும் அவர் கையில் நிலைக்கவில்லை. லாஸ் வேகஸ் சூதாட்டத்தில் அவர் தோற்றுக்கொண்டே போனார். கடைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைமாறின. 1990-களில் கம்போடியா திரும்பி அரசியலில் இறங்கிப் பார்த்தார், அதுவும் கூடிவரவில்லை. இவற்றை அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். ஆய்வுக்குத் தேவையானது அவருடைய ஒழுக்கத்தைப் பற்றிய தீர்ப்பு அன்று; அவர் வீழ்ந்தபோது கடைகள் வீழவில்லை என்ற செய்தி. ஒவ்வொரு கடையும் தன் குடும்பத்தின் தோளில் நின்றதால், மேலே இருந்த உரிமையாளர் போனபின்னும் காலை ஐந்து மணிக்குக் கதவு திறந்தது. ஐம்பது கடைகளைச் சேர்த்து ஒரு நிறுவனமாக்கும்போது கூடுதலாக எதுவும் பிறக்கவில்லை என்றும் இதைப் படிக்கலாம். சேர்த்தால் பெருகாத தொழில் பிரித்தால் குறைவதும் இல்லை. பெரிய முதலீட்டாளர்கள் இந்த வகைத் தொழில்களை வெகுகாலம் தொடாமல் இருந்ததற்கும், சிறியவர்களுக்கு இடம் கிடைத்ததற்கும் காரணம் ஒன்றே.

உடைவது வேறு இடத்தில். சீல் பீச் என்ற கடலோர நகரில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகக் கணவனும் மனைவியும் சேர்ந்து நடத்திவந்த கம்போடியர் டோனட் கடையில், 2018-இல் மனைவி கடும் நோயுற்று மருத்துவமனையிலும் பின்னர் மறுவாழ்வு மையத்திலும் இருக்க நேர்ந்தது. கணவர் தனியாக நின்றார். நிதி திரட்டித் தருகிறோம் என்று வாடிக்கையாளர்கள் முன்வந்தபோது அவர் மறுத்து, மனைவியுடன் இருக்கக் கூடுதல் நேரம்தான் வேண்டும் என்றார். உடனே மக்கள் விடியற்காலையிலேயே வந்து டஜன் டஜனாக வாங்கத் தொடங்கினார்கள். பேழை காலையிலேயே காலியாகி, அவரால் கடையை அடைத்துவிட்டு மனைவியிடம் போக முடிந்தது. நாடெங்கும் செய்தித்தாள்கள் இதை நெகிழ்ச்சியுடன் எழுதின, நெகிழத் தக்கதுதான். கணக்கெழுதுபவரின் கண்ணில் அதே செய்தி இன்னொன்றையும் காட்டுகிறது. இரண்டு பேரில் ஒருவர் விழுந்த நாளில் கடையைத் தாங்க மாற்று ஏற்பாடு எதுவும் இல்லை, வாடிக்கையாளரின் அன்பைத் தவிர. அந்த அன்பும் அவர்கள் இருவர்மீது வைத்தது, கடையுடன் சேர்த்து விற்க முடியாதது.

அடுத்த தலைமுறை இன்னொரு முறிவு. பிள்ளைகளைப் படிக்கவைக்கத்தான் பெற்றோர் உறங்காமல் இருந்தார்கள். பிள்ளைகள் படித்துப் பொறியாளராகவும் மருந்தாளுநராகவும் போனபோது கடைக்கு வாரிசு இல்லாமல் போனது. சிலர் திரும்பி வந்து, வண்ணமயமான புதுவகை டோனட்டுகளைச் செய்து, கைபேசிப் படங்களால் கூட்டத்தைச் சேர்த்து, பெற்றோர் நினைத்தும் பார்க்காத விலைக்கு விற்கிறார்கள். அவர்கள் சிறுபான்மை. பெரும்பாலான கடைகளின் விற்பனை விளம்பரத்தில் காரணம் என்ற இடத்தில் ‘ஓய்வு’ என்று இருக்கும், அது பெரும்பாலும் உண்மையும்கூட.

விற்கும்போது இரண்டு தாள்கள் விலையைத் தீர்மானிக்கின்றன. ஒன்று வரிக் கணக்கு. ரொக்க விற்பனையின் ஒரு பகுதியைப் பதிவு செய்யாமல் விட்டவர், அந்த ஆண்டுகளில் வரியை மிச்சப்படுத்தியிருப்பார். விற்கும் ஆண்டில், ‘உண்மையில் இதைவிட அதிகம் வருகிறது’ என்று அவர் காதோடு சொல்வதைக் கடன் கொடுக்கும் வங்கி கேட்காது. வரித் துறையிலிருந்தே மூன்றாண்டுக் கணக்கின் நகலை வரவழைத்து ஒப்பிடும். மற்றொன்று வாடகை ஒப்பந்தம். பத்தாண்டுக் கடனுக்குப் பத்தாண்டு வாடகை உரிமை, நீட்டிக்கும் உரிமையையும் சேர்த்தாவது, இருக்க வேண்டும் என்று வங்கி எதிர்பார்க்கும். ஒப்பந்தத்தில் இரண்டு ஆண்டு மட்டும் மிச்சமிருந்து, கட்டட உரிமையாளர் புதுப்பிக்க மனமில்லாதவராக இருந்தால், முப்பது ஆண்டு வாடிக்கையும் பழைய எண்ணெய்த் தொட்டியின் விலைக்கு இறங்கிவிடும். சொத்து வரி, காப்பீடு, பொதுப் பராமரிப்பு மூன்றையும் வாடகைக்கு மேல் வாடகைதாரரே ஏற்கும் வகை ஒப்பந்தம் கடைத்தொகுதிகளில் பரவலாக உள்ளதால், அச்சிட்ட வாடகையை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டவர்கள் பின்னால் வருந்தியதுண்டு.

விலை பேசி, வங்கி ஒப்புதல் வந்து, கட்டட உரிமையாளரும் கையெழுத்திட்ட பிறகு, விற்பவர் இரண்டு முதல் நான்கு வாரம் புதியவருக்குத் தொழில் பழக்கித் தருவது இந்தச் சந்தையின் வழக்கம். டோனட் கடையில் அந்தப் பழக்கம் இரவு ஒரு மணிக்குத் தொடங்கும். முதல் இரவு வாங்கியவர் தனியாக வந்து நிற்கிறாரா, துணையையும் அழைத்துவந்திருக்கிறாரா என்று பழைய உரிமையாளர் கதவைத் திறக்கும்போதே பார்த்துவிடுவார். தனியாக வந்தவரிடம் முதலில் அவர் சொல்லிக்கொடுக்க வேண்டியது மாவின் அளவை அல்ல, பகலில் கல்லாவில் நிற்க எவ்வளவுக்கு யாரை வைப்பது என்பதை.